கதை சொல்லும் காவல்காரர்

'கேட்ச் மீ இஃப் யூ கேன்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2002ல் ஸ்பீல்பெர்க் எடுத்தது. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகக் கதை. ஃப்ராங்க் அபக்னேல் என்கிற பதினாறு வயசுப் பையன், அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட, வீட்டை விட்டு ஓடுகிறான். பான் ஆம் விமானக் கம்பெனியின் பைலட் யூனிஃபாரத்தை மாட்டிக்கொண்டு ஓசியில் ஊர் ஊராகப் பறக்கிறான். அப்புறம் டாக்டர். அப்புறம் வக்கீல். போகிற இடமெல்லாம் போலிச் செக் மாற்றுகிறான். லியனார்டோ டிகாப்ரியோ ஓட, எஃப்.பி.ஐ. அதிகாரியாக டாம் ஹேங்க்ஸ் துரத்த, இரண்டு மணி இருபது நிமிஷம் போவதே தெரியாது. கடைசியில் பிடிபட்டு, ஜெயிலுக்குப் போய், துரத்திய எஃப்.பி.ஐ.யிலேயே போலிச் செக் நிபுணராக உட்கார்ந்துவிடுகிறான். சுபம்.

சினிமாவாக அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஜான் வில்லியம்ஸின் இசையும், தோற்றுப்போன அப்பாவாக வரும் கிறிஸ்டஃபர் வாக்கனும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது நியாயம்தான். மகன் நீட்டும் புதுக் கார் சாவியை வாங்கிக்கொள்ளவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் வாக்கன் தடுமாறும் ஒரு காட்சி போதும். ஒரு வேடிக்கையும் உண்டு. பிரான்சில் டிகாப்ரியோவைக் கைது செய்ய வரும் போலீஸ்காரர்களில் ஒருவராக நிஜ அபக்னேலே தலைகாட்டுகிறார்.

என் புகார் வேறு. இந்தப் படத்தையும், அதற்கு மூலமான 1980ஆம் வருஷத்துப் புத்தகத்தையும், உலகம் ஒரு பயோடேட்டாவாக எடுத்துக்கொண்டுவிட்டது.

நிஜ அபக்னேல் 1970களின் பின்பாதியிலிருந்து செய்துவந்த தொழில், செக்யூரிட்டி கன்சல்டன்ட். வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் மோசடியைத் தடுப்பது எப்படி என்று சொல்லித்தருவது. எஃப்.பி.ஐ. அகாடமியில் வகுப்பு எடுத்திருக்கிறார். 2017ல் கூகுள் அலுவலகத்தில் போய்ப் பேசினார், கைதட்டினார்கள். அவரைக் கூப்பிட்டவர்கள் எந்தத் தகுதியைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்? பட்டத்தையோ, பரீட்சை மார்க்கையோ பார்த்து அல்ல. 'நான் எப்பேர்ப்பட்ட ஃப்ராடு தெரியுமா?' என்கிற கதையைக் கேட்டு.

அந்தக் கதையை ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணோடு பார்க்கலாம். அபக்னேல் பிறந்தது 1948 ஏப்ரல். பதினாறு வயசிலிருந்து இருபத்தொன்றுக்குள் எல்லாச் சாகசமும் முடிந்துவிட்டது என்கிறார். அதாவது, 1964லிருந்து 1969 வரை. அந்த ஐந்து வருஷத்துக்குள் பைலட், ஜார்ஜியாவில் குழந்தை டாக்டர், லூசியானாவில் அரசு வக்கீல், யூட்டாவில் சோஷியாலஜி வாத்தியார். 26 நாடுகளில் 25 லட்சம் டாலருக்குப் போலிச் செக்.

2020ல் ஆலன் லோகன் என்பவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் செய்தது பெரிய துப்பறியும் வேலை எல்லாம் இல்லை. பழைய செய்தித்தாள்களையும் கோர்ட், ஜெயில் ரெக்கார்டுகளையும் தேடி எடுத்தார். 1965 ஜூலையிலிருந்து 1968 டிசம்பர் வரை அபக்னேல் எங்கே இருந்தார் என்றால், நியூயார்க் மாநிலத்தில் கிரேட் மெடோ என்கிற ஜெயிலில். 41 மாதம். வானத்தில் பறந்ததாகச் சொன்ன காலத்தில் பெரும்பகுதி கம்பிக்குள். கடைசியில் அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் நிரூபணமான பான் ஆம் செக் மோசடி எவ்வளவு என்று பார்த்தால், பத்தே செக். மொத்தத் தொகை 1,500 டாலருக்கும் கீழே. 25 லட்சம் எங்கே, 1,500 எங்கே?

இதற்கு அபக்னேல் தரப்பிலும் ஒரு பதில் உண்டு. புத்தகத்தைச் சேர்ந்து எழுதியவர் தன்னை நாலு தடவைதான் பேட்டி எடுத்தார், நாடகத்தனமாக ஊதிப் பெருக்கிவிட்டார் என்று தன் இணையதளத்தில் எழுதிவைத்தார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் புத்தகம் வருவதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே, 1977ல், டி.வி.யில் தோன்றித் தன் பிரதாபங்களைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். பக்கத்தில் எந்தச் சக எழுத்தாளரும் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. லோகன் 2020ல் கண்டுபிடித்ததை 1978லேயே ஒருவர் மோப்பம் பிடித்துவிட்டார். 'சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' பத்திரிகையின் நிருபர் ஸ்டீஃபன் ஹால். அபக்னேல் ஒரு குற்றத்தடுப்புக் கருத்தரங்கில் பேசியிருந்தார். ஹால் பேச்சைக் கேட்டுவிட்டுக் கைதட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதற்குப் பதிலாக டெலிபோனை எடுத்தார். அபக்னேல் குறிப்பிட்ட வங்கிகள், கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு, 'இந்தப் பெயரில் உங்களிடம் ஒருவர் இருந்தாரா?' என்று கேட்டார். யாருக்கும் அப்படி ஒரு ஆளைத் தெரியவில்லை. திரும்பி வந்து அபக்னேலிடம் கேட்டதற்கு அவர் சொன்ன சமாதானத்தின் சாரம்: 'ஏமாந்தவர்களுக்கு வெட்கம். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.'

எவ்வளவு அழகான பதில் பாருங்கள். 'ஆமாம், இருந்தார்' என்று யாராவது சொன்னால் கதைக்கு அது சாட்சி. 'இல்லை' என்று சொன்னால் அதுவும் சாட்சி, வெட்கத்தில் மறைக்கிறார்கள். எந்தப் பக்கம் காசைச் சுண்டினாலும் அவருக்குத் தலை. சோதித்துப் பொய்யாக்க வழியே இல்லாத ஒரு கூற்று உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதை நம்பிக் காசு கொடுக்கக் கூடாது.

ஹாலின் கட்டுரை வந்தது 1978ல். புத்தகம் வந்தது 1980ல். படம் 2002ல். பிராட்வேயில் பாட்டும் நடனமுமாக மேடை நாடகம் 2011ல். நடுவே ஆயிரக்கணக்கான பேர் பணம் கட்டிப் பிரசங்கம் கேட்டார்கள். மோசடியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள், கற்றுக்கொடுக்க வந்தவரைப் பற்றி ஒரு போன் போட்டுப் பார்க்கவில்லை.

*

ஏன் பார்க்கவில்லை? காரணம் நம் ஊர்ப் பழமொழியிலேயே இருக்கிறது. பாம்பின் கால் பாம்பறியும். திருட்டைப் பிடிக்கத் திருடனே லாயக்கு என்கிற எண்ணம் நமக்குள் ஊறிப்போனது. அதோடு, கெட்டவன் திருந்துகிற கதை எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

பழைய குற்றவாளியை வேலைக்கு வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கெவின் மிட்னிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிரபல ஹேக்கர். 1995ல் பிடிபட்டு, 2000 ஜனவரி வரை ஜெயிலில் இருந்தார். வெளியே வந்து கன்சல்டன்ட் ஆனார். 2002ல், அபக்னேல் படம் வந்த அதே வருஷம், மனிதர்களைப் பேச்சால் ஏமாற்றி பாஸ்வேர்ட் வாங்குவது எப்படி என்று விளக்கி ஒரு நல்ல புத்தகம் எழுதினார். 2023ல் காலமானார். டெலிபோனில் விசில் அடித்தே அணு ஏவுகணையைக் கிளப்பிவிடுவான் என்று தன்னைப் பற்றிக் கோர்ட்டில் சொல்லப்பட்டதை அவரே கிண்டலாகச் சொல்வார். ஊர் அவரைப் பற்றிக் கதை கட்டியது, அவர் அதை மறுத்துக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்தார், எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தார் என்பதெல்லாம் கோர்ட் காகிதத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆக, ஆளின் இறந்தகாலம் கறுப்பா வெள்ளையா என்பது இரண்டாவது கேள்வி. அதைச் சரிபார்க்க முடியுமா என்பது முதல் கேள்வி.

*

'இந்த அமெரிக்கக் கதை எல்லாம் எனக்கு எதுக்கு சார்?' என்று கேட்பீர்கள். நீங்கள் அம்பத்தூரில் லேத் பட்டறையோ, திருப்பூரில் பனியன் ஏற்றுமதியோ, தி.நகரில் மூன்று மாடிக் கடையோ வைத்திருக்கலாம். பில்லிங் கம்ப்யூட்டரில். சம்பளம் கம்ப்யூட்டரில். பத்தாயிரம் வாடிக்கையாளரின் போன் நம்பர் கம்ப்யூட்டரில். ஒரு நாள் யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறக்க பிட்காயின் கேட்கிறான். அல்லது அது பக்கத்துக் கடைக்காரருக்கு நடக்கிறது. அடுத்த வாரமே கோட் போட்ட ஒருவர் லேப்டாப்போடு உங்கள் முன் உட்கார்ந்து, 'சார், உங்க சர்வர் வாசல் கதவு இல்லாத வீடு மாதிரி இருக்கு' என்கிறார்.

இந்த ஆளிடம் நீங்கள் எதைக் கொடுக்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். ஆடிட்டருக்குக் காட்டாத கணக்கைக்கூட அவர் பார்ப்பார். எந்தக் கதவு சாத்தவில்லை, எந்த கேமரா வேலை செய்யவில்லை, எந்த குமாஸ்தா பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறார் என்பதெல்லாம் ஒரே ரிப்போர்ட்டில் அவர் கையில் இருக்கும். வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அவன் வேலை பார்க்கும் ஆபீஸ், குடியிருக்கும் தெரு, முனையில் இருக்கும் பெட்டிக்கடை வரை விசாரிக்கிறோம். இவரை மட்டும் விசிட்டிங் கார்டைப் பார்த்து உள்ளே விடுகிறோம்.

சட்டமும் உங்களைத்தான் பிடிக்கும். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாடிக்கையாளரின் தகவலை வாங்கி வைத்தவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. கூலிக்கு அமர்த்திய ஆள் கோட்டை விட்டார் என்று கையைக் காட்ட முடியாது.

அபக்னேல் கதை முதல் பாடம். கதை கேட்காதே, ரெக்கார்டைக் கேள். இன்னும் நாலு கதைகள் சொல்கிறேன். நாலும் நிஜத்தில் நடந்தவை.

*

முதல் கதை, பயம் விற்பவர். அமெரிக்காவில் அட்லான்டாவில் லேப்எம்டி என்று ஒரு புற்றுநோய்ப் பரிசோதனைக் கூடம். 2008ல் டைவெர்சா என்கிற பாதுகாப்புக் கம்பெனி அவர்களைக் கூப்பிட்டு, 'உங்கள் நோயாளிகள் ஒன்பதாயிரம் பேர் விவரம் அடங்கிய ஃபைல் இன்டர்நெட்டில் கிடைக்கிறது, எங்களை வேலைக்கு வைத்தால் சரிசெய்கிறோம்' என்றது. ஃபைல் வெளியே போனது வாஸ்தவம். லேப் ஊழியர் ஒருவர் பாட்டு இறக்கும் மென்பொருளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டிருந்தார். ஆனால் லேப் அந்தக் கம்பெனியை வேலைக்கு வைக்கவில்லை. ஃபைல் அரசாங்கத்தின் வர்த்தக ஆணையத்துக்குப் போனது. வழக்கு. 2015ல் டைவெர்சாவின் முன்னாள் ஊழியர் சாட்சிக்கூண்டில் ஏறி, அந்த ஃபைல் எங்கெங்கோ பரவியது போலத் தோற்றத்தை நாங்களே உண்டாக்கினோம் என்றார். 2018ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. லேப் ஜெயித்தது. ஆனால் 2014லேயே அது கடையைக் கட்டியிருந்தது.

நம் ஊரில் பயம் விற்பவரின் கையில் இப்போது ஒரு நம்பர் இருக்கிறது. 250 கோடி ரூபாய் அபராதம். மேலே சொன்ன 2023 சட்டத்தில் அந்தத் தொகை இருப்பது உண்மை. அது உச்சவரம்பு என்பதை அவர் சொல்ல மாட்டார். கூப்பிடாமலே வந்து உங்கள் ஓட்டையைக் காட்டுகிறவரிடம், 'ரொம்ப தேங்க்ஸ், என்ன பார்த்தீங்க, எப்படிப் பார்த்தீங்க, எழுத்துல குடுங்க' என்று கேளுங்கள். அதை வேறொருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில் வருகிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கதை, கருவி விற்பவர். பிரிட்டனில் ஜேம்ஸ் மக்கார்மிக் என்ற முன்னாள் போலீஸ்காரர். வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஒன்றை விற்றார். ஏ.டி.ஈ. 651 என்று பெயர். கைப்பிடியில் செருகிய ஏரியல். பேட்டரி கிடையாது, பிடித்திருப்பவரின் உடம்பு மின்சாரத்தில் ஓடுமாம். அமெரிக்காவில் தொலைந்த கோல்ஃப் பந்து தேட என்று விற்ற இருபது டாலர் விளையாட்டுச் சாமானிலிருந்து பிறந்த சரக்கு அது. இராக் அரசாங்கத்துக்கு ஒன்று 40,000 டாலர் வரைக்கும் போனது. பாக்தாத் செக்போஸ்ட்களில் இதைத்தான் நீட்டிக்கொண்டு நின்றார்கள். 2009 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் நகருக்குள் நுழைந்த குண்டு வண்டிகளில் இருநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 2010ல் பி.பி.சி. அதன் உள்ளே இருந்த அட்டையைப் பிரித்துப் பரிசோதிக்க வைத்தது. கடையில் துணிமணி திருடு போகாமல் இருக்க ஒட்டுவார்களே, அந்தச் சாதாரண டேக். 2013ல் மக்கார்மிக்குக்குப் பத்து வருஷம் ஜெயில்.

இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி தேவையில்லை. பத்து அட்டைப்பெட்டி, ஒன்றில் மட்டும் சரக்கு, எதில் என்று கருவியைப் பிடிப்பவருக்குத் தெரியக் கூடாது. இருபது தடவை செய்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் குட்டு உடைந்திருக்கும். உங்களுக்கான பாடம்: ஆலோசனை சொல்பவரே கேமராவும் ஃபயர்வாலும் விற்கிறாரா என்று பாருங்கள். விற்பது குற்றமில்லை. ஆனால், 'நீங்க சிபாரிசு பண்ற பொருள்ல உங்களுக்குக் கமிஷன் உண்டா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் டாக்டர் எழுதும் சீட்டு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது கதை, தன் வீட்டைப் பூட்டாதவர். அமெரிக்க அரசாங்கத்துக்கே ஆலோசனை சொன்ன ஹெச்பிகேரி ஃபெடரல் என்ற கம்பெனி. 2011 பிப்ரவரியில் அதன் தலைவர், 'அனானிமஸ்' என்கிற ஹேக்கர் கும்பலின் தலைகளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பத்திரிகையில் சொன்னார். கும்பல் சும்மா இருக்குமா? உள்ளே நுழைந்து பல்லாயிரம் இ-மெயில்களை அள்ளி ஊருக்கே விநியோகித்தது. எப்படி நுழைந்தார்கள் என்பதுதான் சோகம். கல்லூரிப் பையனுக்கும் தெரிந்த எஸ்.க்யூ.எல். ஓட்டை. எளிதில் உடைக்கக்கூடிய முறையில் வைத்த பாஸ்வேர்டுகள். ஒரே பாஸ்வேர்டைப் பெரியவர்கள் நாலு இடத்தில் உபயோகித்திருந்தார்கள். மிச்சத்துக்கு, முதலாளி பெயரில் ஒரு மெயில் அனுப்பி, 'பாஸ்வேர்ட் மறந்துபோச்சு' என்றதும் நிர்வாகி மாற்றிக் கொடுத்துவிட்டார். அந்த மாசம் முடிவதற்குள் தலைவர் ராஜினாமா. ஊருக்கு உபதேசம்!

ஆகவே வருகிறவரிடம், 'எங்க ரிப்போர்ட்டை உங்க கம்ப்யூட்டர்ல எப்படி வைப்பீங்க? வேலை முடிஞ்சதும் எப்ப அழிப்பீங்க? யார் யார் பார்ப்பாங்க?' என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டை பாஸ்வேர்ட்கூட இல்லாமல் வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்பவரை, காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடலாம்.

நாலாவது கதையில் கன்சல்டன்ட் மேல் தப்பே இல்லை. 2019 செப்டம்பர், அயோவா மாநிலத்தில் அடெல் என்கிற சின்ன ஊர். நள்ளிரவில் கோர்ட் கட்டடத்துக்குள் இரண்டு பேர் நுழைய, அலாரம் அடிக்கிறது. போலீஸ் வந்தால், 'நாங்கள் பாதுகாப்பைச் சோதிக்க மாநில நீதித்துறை அனுப்பிய ஆட்கள்' என்று கடிதத்தை நீட்டினார்கள். கடிதம் உண்மைதான். போலீஸ்காரர்களும் போன் போட்டு சரிபார்த்துவிட்டார்கள். அப்போது ஷெரிஃப் வந்தார். 'கட்டடம் கவுன்ட்டிக்குச் சொந்தம். மாநிலம் யார் இதுக்கு அனுமதி கொடுக்க?' என்று இருவரையும் உள்ளே போட்டுவிட்டார். திருட்டு கேஸ். 2020 ஜனவரியில்தான் வாபஸ் ஆனது.

உங்கள் கடை வாடகைக் கட்டடத்தில் இருக்கலாம். உங்கள் சர்வர் வேறு ஒரு கம்பெனியின் இடத்தில் இருக்கலாம். எதை, எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எதுவரைக்கும் சோதிக்கலாம், ஏதாவது ஆனால் ராத்திரி யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் வேலையை ஆரம்பிக்கிறவர், கெட்டவர் இல்லை என்றாலும் அனுபவம் இல்லாதவர். நல்ல கன்சல்டன்ட் என்பதற்கு ஓர் அடையாளம், உங்களை விட அவர் இந்தக் காகிதத்துக்கு அதிகம் பிடிவாதம் பிடிப்பார்.

*

இனி விசாரணைக்கு வருவோம். வந்தவர் பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி எழுத்துகள் இருக்கும். பயந்துவிட வேண்டாம். எல்லா எழுத்தும் ஒரே எடை இல்லை. சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்றால் பரீட்சையோடு ஐந்து வருஷ வேலை அனுபவமும் காட்ட வேண்டும். அதைக் கொடுக்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் இரண்டு நிமிஷத்தில் சரிபார்க்கலாம். ஓ.எஸ்.சி.பி. என்றால் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நிஜமாகவே கம்ப்யூட்டர்களை உடைத்துக் காட்டுகிற பரீட்சை. நாலு பதிலில் ஒன்றை டிக் அடித்துவிட்டு வாங்கும் சான்றிதழ்களும் இருக்கின்றன. 'இதுல செய்முறை உண்டா சார்?' என்று ஒரு கேள்வி போதும். தணிக்கை செய்ய வருகிற கம்பெனி என்றால், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அங்கீகரித்த தணிக்கையாளர் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயரைத் தேடுங்கள். வாட்ச்மேன் அனுப்பும் ஏஜென்சி என்றால், 2005ஆம் வருஷத்துத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி மாநில அரசின் லைசென்ஸ் வேண்டும். நகலைக் கேளுங்கள், நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழைய வாடிக்கையாளர்களைப் பற்றிக் கேட்டால், 'ரகசிய ஒப்பந்தம் சார், பெயர் சொல்லக் கூடாது' என்பார். இது அபக்னேலின் வெட்கக் கதை போலக் கேட்கிறதல்லவா? ஆனால் இந்தத் தொழிலில் இது பெரும்பாலும் நிஜம். நாளைக்கு உங்கள் பெயரையும் அவர் இன்னொருவரிடம் சொல்லக் கூடாதே. உண்மையான ஆளிடம் இதற்கும் வழி இருக்கும். பேசச் சம்மதித்த இரண்டு வாடிக்கையாளரையாவது காட்டுவார். பெயரை மை பூசி மறைத்த பழைய ரிப்போர்ட் ஒன்றைக் காட்டுவார். அந்த ரிப்போர்ட்டைப் படியுங்கள். மென்பொருள் துப்பிய இருநூறு பக்கமா, அல்லது 'முதலில் இதைச் செய், அடுத்த மாசம் அதைச் செய்' என்று உங்களுக்குப் புரிகிற பாஷையில் நாலு பக்கமா? இரண்டாவதுதான் வேண்டும்.

அவர் கொடுத்த வாடிக்கையாளரோடு பேசும்போது, 'நல்லவரா?' என்று கேட்காதீர்கள். வேலிக்கு ஓணான் சாட்சி, 'ரொம்ப நல்லவர்' என்றுதான் சொல்லும். 'அவர் கண்டுபிடிச்சதுல எதை நீங்க சரிபண்ணீங்க? சொன்ன தேதிக்கு முடிச்சாரா? என்ன தப்பு நடந்துச்சு? மறுபடி கூப்பிடுவீங்களா?' என்று கேளுங்கள். பொய்ச்சாட்சிக்கு விவரம் சொல்ல வராது.

ஒரு சின்னப் பரீட்சையும் வைக்கலாம். 'ஒரு வேளை எங்க சிஸ்டத்துல யாராவது நுழைஞ்சுட்டா நாங்க அரசாங்கத்துக்குச் சொல்லணுமா?' என்று அப்பாவியாகக் கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. இந்தியாவில் இந்தத் தொழில் செய்கிறவர் யோசிக்காமல் சொல்ல வேண்டிய பதில் இது. மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். அதேபோல், நூறு சதவீதப் பாதுகாப்புக்கு கேரன்டி தருகிறேன் என்பவர். இந்த உலகத்தில் அதைத் தரக்கூடியவர் யாரும் இல்லை. 'இது எனக்குத் தெரியாது, தெரிஞ்சவரைக் கூட்டிட்டு வர்றேன்' என்று நடுவில் ஒரு தடவையாவது சொல்கிறவருக்கு என் ஓட்டு.

கடைசியாக, ஒப்பந்தத்தில் எழுதிய ஆள்தான் வருகிறாரா என்று பாருங்கள். பேச வருவது இருபது வருஷ அனுபவசாலி, வேலைக்கு வருவது போன மாசம் சேர்ந்த பையன் என்பது எல்லாத் துறையிலும் உண்டு. வேலை முடிந்த அன்றே அவருக்குக் கொடுத்த எல்லா பாஸ்வேர்டையும், சாவியையும், பாஸையும் ரத்து செய்யுங்கள். மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. நல்லவர் என்றால் அவரே ஞாபகப்படுத்துவார்.

இத்தனைக்கும் என்ன செலவு ஆகும்? நாலு போன், ஒரு மத்தியானம். ஸ்டீஃபன் ஹாலுக்கு 1978ல் ட்ரங்க் கால் செலவாவது ஆகியிருக்கும், உங்களுக்கு அதுகூட இல்லை. ஆகவே வந்தவரின் பிரசன்டேஷனைப் பொறுமையாகக் கேளுங்கள். நன்றாக இருந்தால் பாராட்டுங்கள். பிறகு சான்றிதழ் நம்பரையும் இரண்டு போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு, 'விசாரிச்சுட்டு வியாழக்கிழமை சொல்றேன் சார்' என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். தொழில் தெரிந்தவர் சந்தோஷப்படுவார். மற்றவருக்கு வியாழக்கிழமை வேறு வேலை இருக்கும்.